கடலா, ஆறா? - ஒரு கப்பலேறிய கதை

பதிவு பக்கம் வந்து எட்டு மாசமாச்சு. ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். ஆனா உண்மை என்னன்னா, இந்த ஒரு பதிவை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுட்டே மத்த எதையும் எழுதாம விட்டுட்டேன். போன வாரம் ஆபீஸ்ல ஒரு நண்பர், "அப்பா அம்மா ஊர்லேருந்து வர்றாங்கப்பா, க்ரூஸ் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். நீ போனியே, எந்தப் பக்கம் நல்லா இருக்கும்?"னு கேட்டார். "அது பெரிய கதை"ன்னேன். "கதையெல்லாம் வேணாம், எங்கயாவது எழுதியிருந்தா லிங்க் அனுப்பு"ன்னுட்டார். இதோ எழுதிட்டேன் நண்பரே :)

நான் ஜெர்மனியில கொலோன் பக்கத்துல பொட்டி தட்டுறவன். 2024 மே மாசம் அப்பாவும் அம்மாவும் மொத முறையா இங்க வந்தாங்க. வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே போன்ல கேட்டேன், "ஐரோப்பாவுல என்ன பாக்கணும்?" ஐஃபிள் டவர், சுவிட்சர்லாந்து பனி, அப்படி ஏதாவது சொல்வார்னு நினைச்சேன். அப்பா ஒரு நிமிஷம் கூட யோசிக்கலை. "ஒரு தடவை கப்பல்ல ஏறணும் தம்பி."

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊர் நாகப்பட்டினம். தாத்தா பினாங்கு போய் வந்தவர். அந்தக் காலத்துல சென்னை - நாகப்பட்டினம் - பினாங்கு - சிங்கப்பூர்னு ராஜுலா கப்பல் ஓடிட்டு இருந்துச்சு. 1926ல கட்டின கப்பல், 1970கள் தொடக்கம் வரைக்கும் ஓடியிருக்கு. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாது. தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஜனங்க படகுல போய் ஏறணும். தாத்தா கிளம்பினப்போ அப்பாவுக்கு ஒம்போது வயசோ பத்து வயசோ. கரையில நின்னு பாத்தாராம். "தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சுது. அதுக்குள்ள எப்படி எங்கப்பா போவாருன்னு எனக்குப் புரியலை"ன்னு நூறு தடவை சொல்லியிருக்கார். தாத்தா திரும்பி வந்தார், டிரங்குப் பெட்டியும் வந்துச்சு. அப்பா மட்டும் கப்பல் ஏறவே இல்லை. பொதுப்பணித்துறையில லஸ்கரா சேர்ந்துட்டார். ஒரு காலத்துல கப்பல்ல வேலை பாத்தவங்களையும் லஸ்கர்னுதான் சொல்வாங்க. ஆனா அப்பா வேலை வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுறது. கப்பலுக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் இந்த வார்த்தைதான். 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டப்போ கூட, "போலாமாடா?"ன்னு கேட்டார். அம்மா எழுந்து சமையக்கட்டுக்குள்ள போயிட்டாங்க. பேச்சு அதோட நின்னுடுச்சு.

அம்மா கடலைப் பாக்க மாட்டாங்க. 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் பாத்ததே இல்லை.

அப்ப எனக்கு ஏழு வயசு. ஞாயித்துக்கிழமை, அரைப் பரீட்சை லீவு. எங்க வீடு ஊருக்குள்ள கொஞ்சம் தள்ளி இருந்ததால எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. தெருவுல ஜனங்க ஓடினதும், மொட்டை மாடியில அம்மா என் கையைப் புடிச்ச புடியும் மட்டும் ஞாபகம் இருக்கு. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. அம்மா கடலோரத்துல ஒரு தொடக்கப் பள்ளியில டீச்சர். அதுக்கு மேல அம்மா எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அடுத்த வருஷமே மாறுதல் வாங்கிட்டு திருவாரூர் பக்கம் போயிட்டோம். வீட்ல மீன் வாங்குறதும் நின்னு போச்சு. நாகைக்காரன் வீட்ல மீன் இல்லைன்னா நம்புவீங்களா?

ஆக, க்ரூஸ் போகணும், ஆனா அம்மா கடலைப் பாக்கக் கூடாது. இதான் ரெக்வயர்மெண்ட். இதைவிட மோசமான ரெக்வயர்மெண்ட்டை எங்க டேமேஜர் கூட குடுத்ததில்லை.

*

க்ரூஸ் புக் பண்ற எந்த வலைத்தளத்துக்குப் போனாலும் மொதல் பொட்டியில "எந்தப் பகுதி?"ன்னு கேக்கும். கரீபியன், அலாஸ்கா, மத்தியதரைக்கடல், நார்வே, பால்டிக்னு கடல் ஒரு பக்கம். ரைன், டான்யூப், டூரோ, நைல்னு ஆறு ஒரு பக்கம். நான் என்ன பண்ணியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும். எக்செல் ஷீட் போட்டேன். விசா, நாள், செலவு, சைவச் சாப்பாடுன்னு வழக்கமான காலம் எல்லாம் போட்டுட்டு, கடைசியா ஒண்ணு சேத்தேன். "கரை தெரியாத மணி நேரம்."

விசாவுலயே பாதி அடிபட்டுடுச்சு. நம்ம பாஸ்போர்ட்டுக்குக் கடலைத் தேர்ந்தெடுக்குறது நாம இல்லை, தூதரகம். உதாரணத்துக்கு அலாஸ்கா. சியாட்டில்ல ஏறி சியாட்டில்ல இறங்குறோம், அமெரிக்க விசா போதும்னு தோணும். ஆனா 1886ல போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கு. வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல் அப்படிச் சுத்தி வரணும்னா நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகணும். பெரிய க்ரூஸ் கப்பல் அநேகமா எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால கனடாவுல விக்டோரியாவுக்கு ஒரு எட்டு போய்ட்டு வரும். நமக்கு கனடா விசா வேற. மத்தியதரைக்கடல்லயும் அதே கதைதான். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலின்னு சுத்தினா ஒரு ஷெங்கன் விசா போதும். நடுவுல துருக்கி வந்துச்சுன்னா பல முறை நுழையற ஷெங்கன் விசாவா இருக்கணும், துருக்கி விசாவுக்கு என்ன விதின்னும் பாக்கணும். இதைப் பாக்காம பணம் கட்டிட்டு உக்காந்திருந்த ஒரு ஜோடியை எனக்கே தெரியும். பால்டிக்ல முன்னாடி எல்லாரும் போறது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்காக. 2022 போருக்கு அப்புறம் அந்த நிறுத்தத்தையே எடுத்துட்டாங்க.

அப்பா ஆசைப்பட்டது மத்தியதரைக்கடல். பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோம்னு போட்டிருக்கும். நாலாயிரம் அஞ்சாயிரம் பேர் ஏறுற கப்பல், ராத்திரியெல்லாம் ஓடி காலையில துறைமுகத்துல நிக்கும். ரோம்னு விளம்பரத்துல இருந்தாலும் நிக்கிறது சிவிட்டவெக்கியாவுல. அங்கேருந்து ரோம் எழுபது எண்பது கிலோமீட்டர். ஃப்ளாரன்ஸுக்கு லிவோர்னோ துறைமுகம், அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். திருவாரூர்லேருந்து திருச்சிக்கு முக்கால்வாசி போற மாதிரி பஸ்ல போய், ரெண்டு மணி நேரம் ஊரைப் பாத்துட்டு, கப்பல் கிளம்பிடும்னு பயந்துட்டே ஓடி வரணும். வயசானவங்களுக்கு இது விடுமுறை இல்லை, ஸ்கூல் டூர்.

நார்வேகிட்டதான் நான் ரொம்ப நாள் நின்னேன். அது ஒரு விசித்திரமான கடல். ஃபியோர்டுக்குள்ள போயிட்டா ரெண்டு பக்கமும் மலை, நடுவுல கண்ணாடி மாதிரி தண்ணி, அலையே இல்லை. கடல்தான், ஆனா பாக்க ஆறு மாதிரி இருக்கும். அப்பாவுக்குக் கடல், அம்மாவுக்கு ஆறு, ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு குதிச்சேன். அப்புறம் வரைபடத்தைப் பாத்தேன். ஹாம்பர்க்லேருந்தோ கீல்லேருந்தோ கிளம்பினா, அந்த ஃபியோர்டுக்குப் போய்ச் சேர வடகடல்ல ஒரு முழு நாளுக்கு மேல ஓடணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி மட்டும்தான். திரும்பி வர்றப்போ இன்னொரு நாள். என் காலத்துல "50" போட்டேன். அந்த அம்பது மணி நேரம் அம்மா கேபினுக்குள்ள திரைச்சீலையை மூடிட்டு உக்காந்திருக்கிறதை நினைச்சுப் பாத்தேன். அழிச்சுட்டேன்.

கடைசி காலத்தைக் குறைஞ்சதுலேருந்து அடுக்கினேன். ஆறு எல்லாத்துலயும் பூஜ்யம். ஷீட்டை மூடினேன்.

அப்பாகிட்ட சொன்னதுதான் கஷ்டம். "ஆத்துல போறதுக்கு எதுக்குடா கப்பல்? ஓடம் போதாதா?"ன்னார். சிரிச்சுட்டுத்தான் சொன்னார். ஆனா அப்புறம் ரெண்டு வாரம் போன்ல அந்தப் பேச்சையே எடுக்கலை. அவருக்கு எதுக்குன்னு புரிஞ்சுது. புரிஞ்சதாலதான் எடுக்கலை.

*

எந்த ஆறு? அப்பாவுக்கு நான் ஒரு கடன் பட்டுட்டேன். அதனால ஆத்துல ஷட்டர் இருக்கணும்னு முடிவு பண்ணேன். கப்பலை ஒரு தொட்டிக்குள்ள நிறுத்தி, கதவை மூடி, தண்ணியை ஏத்தியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புற லாக். முப்பத்தஞ்சு வருஷம் ஷட்டர் சக்கரம் சுத்தின மனுஷனுக்கு கோட்டை கொத்தளத்தை விட இதுதான் பிடிக்கும்.

இந்தக் கணக்குல போர்ச்சுகல்ல ஓடுற டூரோதான் மொத இடம். கராபட்டேலோங்கிற இடத்துல ஒரே லாக்ல 35 மீட்டர் ஏத்தி இறக்குறாங்க. பத்து மாடி! அதுக்கும் மேல, டூரோவுல ராத்திரி பயணக் கப்பல் ஓட அனுமதி கிடையாது. பொழுது சாய்ஞ்சா கரையில கட்டிடுவாங்க. அம்மாவுக்கு இதைவிட என்ன வேணும்? கிட்டத்தட்ட பணமே கட்டப் போயிட்டேன். எங்க தேதிக்கு மூணு பேருக்கு இடம் இல்லை. நைல்ல லக்ஸர் - அஸ்வான் போகலாம். மே மாசத்துல நாப்பது டிகிரி வெயிலைப் பாக்க திருவாரூர்லேருந்து எகிப்துக்கு எதுக்கு வரணும்?

டான்யூப்ல பாசாவ்லேருந்து புடாபெஸ்ட் வரைக்கும் போற பாதை ரொம்பப் பிரபலம். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி எல்லாமே ஷெங்கன், ஒரே விசா. வழியில லாக்கும் நிறைய உண்டு. (இன்னும் கீழ பெல்கிரேடு போனா செர்பியா, அது ஷெங்கன் இல்லை, கவனிங்க.) ஆனா ஜூன் மொத வாரம்தான் இடம் இருந்துச்சு. எனக்கு ஜூன்ல ஒரு ரிலீஸ், லீவு கிடைக்காது. அதனால விட்டேன். 2024 ஜூன் மொத வாரம் தெற்கு ஜெர்மனியில வெள்ளம் வந்து, பாசாவ்ல டான்யூப் தெருவுக்குள்ள ஏறி, பேரிடர்னு அறிவிச்சாங்க. ரிலீஸ் வாழ்க. வேற எதுக்கும் அதுக்கு நன்றி சொன்னதில்லை.

மிச்சம் ரைன். என் வீட்லேருந்து சைக்கிள்ல பத்து நிமிஷம். சுவிட்சர்லாந்துல பாசெல்ல ஏறினா ஏழு ராத்திரியில ஆம்ஸ்டர்டாம். இதுல ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க, எனக்கு எந்த ஏஜெண்ட்டும் சொல்லலை. பாசெல்லேருந்து இஃபெட்ஸ்ஹைம் வரைக்கும் வரிசையா பத்து லாக் இருக்கு. அதைத் தாண்டிட்டா ரைன்ல கடல் வரைக்கும் ஒரு லாக் கூடக் கிடையாது. மைன்ஸ் - கொலோன் நடுவுல மூணு நாள் போற சின்னப் பயணத்துல கோட்டையெல்லாம் பாக்கலாம், ஆனா ஒரு ஷட்டர் கூட வராது. அதனால வீட்டு வாசல்ல ஓடுற ஆத்துல ஏற ரயில் புடிச்சு பாசெல் போனோம்.

ஆத்துக் கப்பல்ல இன்னொரு சங்கடம், தண்ணி மட்டம். வெயில் காலத்துல ரைன் வத்திடும். கவுப்ங்கிற ஊர்ல இருக்கிற அளவுகோலைத்தான் எல்லாரும் பாப்பாங்க. 2018லயும் 2022லயும் அது நாப்பது சென்டிமீட்டருக்கும் கீழ போச்சு. (அது அளவுகோல் காட்டுற எண், ஆத்தோட ஆழம் இல்லை. ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல இருக்கும்.) அந்த மாதிரி சமயத்துல கப்பலை ஒரு இடத்துல கட்டிட்டு பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க. தண்ணி அதிகமானாலும் பாலத்துக்கு அடியில நுழைய முடியாது. ஏப்ரல், மே பரவாயில்லைன்னு இங்க இருக்கிறவங்க சொன்னாங்க.

கேபின் விஷயத்துல கடைசி நேரத்துல தப்பிச்சேன். விலை கம்மின்னு அடித்தளத்துல போட இருந்தேன். அங்க ஜன்னல் மேல சின்னதா இருக்கும், தண்ணி மட்டம் அந்த ஜன்னலுக்கு ஒட்டிக் கீழ ஓடும். படுத்துட்டுப் பாத்தா தண்ணி உங்க தலைக்கு மேல. படத்தைப் பாத்ததுமே வயிறு கலங்கிடுச்சு. நடுத் தளத்துக்கு மாத்தினேன். ஒரு மாச சம்பளம் முழுசா போச்சு, போகட்டும்.

*

பாசெல்ல கப்பலைப் பாத்ததும் அப்பா சொன்ன மொத வார்த்தை, "இது கப்பல் இல்லடா, மூணு அடுக்கு பஸ்." நியாயம்தான். 135 மீட்டர் நீளம், பதினோரு மீட்டர் சொச்சம் அகலம். லாக்குக்குள்ளயும் பாலத்துக்கு அடியிலயும் நுழையணும்னுதான் அப்படி ஒல்லியாக் கட்டுறாங்க. மாலுமி அறையையே கீழ இறக்கி மடிக்கலாம். நூத்தி எழுபது பேர் மாதிரி இருந்தோம், பாதிப் பேர் ஓய்வு பெற்ற ஜெர்மன்காரங்க. சைவம்னு எழுதிக் குடுத்திருந்தேன். மொத ராத்திரியே அம்மா தட்டுல மீன் வந்துச்சு. "சைவம்னுதானே சொன்னீங்க, அதான் கறி வைக்கலை"ன்னு அந்தப் பையன் அப்பாவியா கேக்கறான். அம்மா தட்டை மெதுவா நகர்த்தி வெச்சுட்டு, பையிலேருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுத்தாங்க. மறுநாள்லேருந்து அந்தப் பையன் சாதமும் வெண்ணெயும் தனியா கொண்டு வந்து வெச்சான். ஆம்ஸ்டர்டாம் போறதுக்குள்ள அவனும் பருப்புப் பொடிக்கு அடிமை.

அன்னைக்கு சாயங்காலமே மொத லாக், கெம்ப்ஸ். அப்பா மேல் தளத்துல கம்பியைப் புடிச்சுட்டு நின்னார். பின்னாடி கதவு மூடினதும் கப்பல் சத்தமே இல்லாம கீழ இறங்க ஆரம்பிச்சுது. பக்கத்துச் சுவர் மேல மேல வளருது. "பம்ப் சத்தம் கேக்கலையே?"ன்னார். பம்ப்பே இல்லைப்பா, கீழ் மட்டத்துக்குத் தண்ணி தானா ஓடுதுன்னேன். கையைத் தட்டினார். "நம்ம மதகுதான்! அதே தாண்டா! இவன் அதுல கப்பலை விட்டுட்டான், நம்ம நாத்தங்காலுக்கு விட்டோம்." அதுக்கப்புறம் பத்து லாக்ல ஒண்ணைக் கூட விடலை. ராத்திரி வந்ததுக்கெல்லாம் சால்வையைப் போத்திட்டு மேல போயிட்டார். கீழ் ரைன்ல சராசரியா நொடிக்கு 2,000 கன மீட்டருக்கு மேல தண்ணி போகுதுன்னு சொன்னேன். மனுஷன் உடனே கன அடிக்கு மாத்திட்டார். "எழுபதாயிரம்! வருஷம் பூரா! இவனுங்களுக்கு ஜூன் 12ன்னா என்னன்னே தெரியாதுடா." மேட்டூர் திறக்கிற நாளுக்காக வாழ்நாள் பூரா காத்திருந்தவர் பேச்சு அது. தப்பு சொல்ல முடியாது.

அம்மா? நல்லாத்தான் இருந்தாங்க. ஸ்ட்ராஸ்பூர்க் கோயில் கடிகாரத்தைப் பாத்தாங்க, ஒரு பாட்டியம்மாகிட்ட கையாலயே பேசி ஊசிக்கண்ணுல நூல் கோத்துக் குடுத்தாங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

மூணாவது ராத்திரி தூக்கம் வராம காபி எடுக்க முன் கூடத்துக்குப் போனேன். மணி ரெண்டிருக்கும். அம்மா ஜன்னலோரம் உக்காந்திருந்தாங்க.

"தூங்கலையாம்மா?"

"வெளக்கு பாக்கறேன்."

"எந்த வெளக்கு?"

"கரையில. வந்துட்டே இருக்கு பாரு. நடுவுல கொஞ்ச நேரம் காணும். அப்புறம் வந்துடுது."

மூணு ராத்திரியும் இதுதான் நடந்திருக்கு. அப்பா லாக் பாக்க மேல போறப்போ அம்மா இங்க வந்து உக்காந்திருக்காங்க. எக்செல்ல நான் பூஜ்யம் போட்டிருந்தேன். ராத்திரின்னு ஒண்ணு இருக்கறதை நான் கணக்குல சேக்கவே இல்லை. காபியைக் குடிச்சுட்டு பக்கத்துல உக்காந்தேன். ரெண்டு பேரும் விடியற வரைக்கும் வெளக்கு பாத்தோம்.

பிங்கென்லேருந்து கோப்லென்ஸ் வரைக்கும் உள்ள அறுபத்தஞ்சு கிலோமீட்டர் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், 2002லேருந்து. ரெண்டு கரையிலயும் ரயில் பாதை, மேல திராட்சைத் தோட்டம், அதுக்கு மேல கோட்டை. லோரெலை பாறை வந்ததும் ஒலிபெருக்கியில பாட்டு போட்டாங்க, பாதிப் பேர் கூடப் பாடினாங்க. படம் போட்டா நீங்களே பாத்துப்பீங்க, விடுங்க.

கோப்லென்ஸ் தாண்டி கொலோன் வர்ற வழியில, ரெமாகனுக்குக் கொஞ்சம் முன்னாடி, இடது கரையில ஒரு சின்ன ஆறு வந்து சேருது. ஆர்னு பேரு. எனக்கு அது தெரியும். 2021 ஜூலையில அந்தப் பள்ளத்தாக்குல ஒரே ராத்திரியில வெள்ளம் வந்து நூத்தி முப்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. நான் அம்மாகிட்ட இதைச் சொல்லலை. சொல்லக் கூடாதுன்னே முடிவு பண்ணியிருந்தேன். அன்னைக்கு ஒலிபெருக்கியில வழிகாட்டி அம்மா ஆங்கிலத்துல, நிதானமா, அதை முழுசாச் சொல்லிட்டாங்க. எங்கம்மா டீச்சர். ஆங்கிலம் நல்லாவே புரியும்.

அந்த ஆறு பாக்க நம்மூர் வெட்டாறு அளவு கூட இல்லை. கரையில நாணல், ரெண்டு வாத்து.

"இதுவா?"ன்னாங்க.

"ஆமாம்மா."

"ஆத்துல ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொன்னே."

நான் அப்படி ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. ஆனா அவங்களை அந்தக் கப்பல்ல ஏத்தினதே அப்படிச் சொன்ன மாதிரிதானே. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நின்னேன். அம்மா கோவமா இல்லை. ஆத்தைப் பாத்துட்டே பேச ஆரம்பிச்சாங்க. இருபது வருஷத்துல மொத முறை.

சுனாமிக்கப்புறம் பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு, பழக்க தோஷத்துல வருகைப் பதிவேட்டை எடுத்து பேர் வாசிச்சிருக்காங்க. மூணாவது பேருக்கு பதில் வரலை. நிமிர்ந்து பாத்திருக்காங்க. அஞ்சாவது பேருக்கும் வரலை. அவங்க வகுப்புல மட்டும் பதினொண்ணு. லீவு நாள், எல்லாம் வீட்ல இருந்த பிள்ளைங்க. வீடு கடலோரம். அப்புறம் அந்தப் பேரையெல்லாம் சிவப்பு மையில அடிக்கணும்னாங்க. "நான் அடிக்க மாட்டேன்னுட்டேன். பெரிய டீச்சரே வந்து அடிச்சாங்க. அடிச்சுட்டு அவங்களும் அழுதாங்க. எனக்கு அந்தப் பதினொரு பேரும் இன்னும் வரிசையாத் தெரியும்."

சொன்னாங்க. பதினொரு பேரையும், பதிவேட்டு வரிசையில. இங்க எழுதலை.

அப்பா பக்கத்துல வந்து நின்னதை நான் கவனிக்கலை. "டீச்சர், குளிருது, உள்ள வாங்க"ன்னார். அவர் அம்மாவை டீச்சர்னுதான் கூப்பிடுவார். அம்மா வரலை. மூணு பேரும் கொலோன் வர்ற வரைக்கும் வெளியிலயே நின்னோம். கொலோன் பழைய ஊர்ல வெள்ளம் எவ்வளவு ஏறுச்சுன்னு சுவத்துல குறி வெச்சிருக்காங்க, 1993, 1995ன்னு. 1784ல இங்க பதிமூணரை மீட்டர் ஏறியிருக்கு. அம்மா ஒவ்வொண்ணா அண்ணாந்து பாத்தாங்க. "எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கானுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி அம்மா வெளக்கு பாக்க வரலை. நான் போய்ப் பாத்தேன், நாற்காலி காலியா இருந்துச்சு. நல்லா தூங்கினாங்களா, கேபின்லயே முழிச்சிருந்தாங்களான்னு தெரியாது. கேக்கலை.

*

கப்பல் கால்வாய் வழியா ஆம்ஸ்டர்டாம் போயிடும், கடலைத் தொடாது. அதையும் பாத்துத்தான் புக் பண்ணியிருந்தேன். இறங்கின அன்னைக்கு, விமானத்துக்கு ஒரு நாள் இருக்குன்னு தெரிஞ்சதும், அப்பா தயங்கித் தயங்கி, "இங்கேருந்து கடல் எவ்ளோ தூரம்?"னார். ஸாண்ட்வோர்ட், ரயில்ல அரை மணி நேரம். "நீங்களும் நானும் போய்ட்டு வரலாம்ப்பா, அம்மா ஓட்டல்ல இருக்கட்டும்"னேன். அம்மா ஏற்கெனவே செருப்பு மாட்டிட்டு இருந்தாங்க.

ஸ்டேஷன்லேருந்து அஞ்சு நிமிஷ நடை. மேட்டு மேல ஏறினதும் கடல். அப்பா பேண்ட்டை மடிச்சு விட்டுட்டு, திரும்பிக் கூடப் பாக்காம இறங்கிப் போயிட்டார். நானும் அம்மாவும் மேலயே நின்னோம். தண்ணி ரொம்பத் தூரத்துல இருந்துச்சு. நடுவுல அகலமா ஈர மணல். அம்மா என் கையைப் புடிச்சாங்க. அந்தப் புடி எனக்குத் தெரியும்.

"கடல் உள்வாங்கியிருக்கா?"

"இல்லம்மா. இங்க தினம் ரெண்டு தடவை இப்படி இறங்கி ஏறும். நம்மூர்ல கொஞ்சமா இருக்கும், இங்க அதிகம். நேரம் கூட அட்டவணை போட்டு வெச்சிருப்பாங்க."

"திரும்பி வருமா?"

"வரும். ஆறு மணி நேரம் ஆகும்."

"மெதுவாத்தானே?"

"மெதுவாத்தான்."

அங்க ஒரு பெஞ்ச் இருந்துச்சு. உக்காந்தாங்க. கையை விடலை. கீழ அப்பா முழங்கால் தண்ணியில, தீப்பெட்டியை விடச் சின்னதா நின்னுட்டு இருந்தார். மணல்ல யாரோ நட்டு வெச்ச ஒரு குச்சி. அம்மா அதையே பாத்துட்டு இருந்தாங்க. முக்கால் மணி நேரம் பேசவே இல்லை.

"குச்சிக்கு வந்துடுச்சு"ன்னாங்க. அப்புறம், "அப்பாவைக் கூப்பிடு, ரயிலுக்கு நேரமாச்சு."

பி.கு: நண்பரே, நடுத் தளத்துல கேபின் போடுங்க. சைவம்னா மீனும் கூடாதுன்னு தனியா எழுதிக் குடுங்க. பருப்புப் பொடி ரெண்டு டப்பா எடுத்துக்குங்க, ஒண்ணு பத்தாது.